வலியை இழந்தவர்களின் ஊரில்: வேலூர் முதல் டோனாவூர் வரை

திங்கட்கிழமை, வேலூர்

இந்தப் பயணத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, முடக்குவாதத்தோடு பல ஆண்டுகளாக வாழும் எனக்கு, வலிக்கு ஏதேனும் பொருள் உண்டா என்ற கேள்வியிலிருந்து ஒதுங்கிப் போக வழியில்லை. என்னைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற அந்த வசனத்தை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனாலும், காலையில் விரல்களை மடக்க முடியாமல் வெந்நீரில் கைகளை அமிழ்த்தி வைத்திருக்கும் ஒருத்திக்கு, அதைச் சொல்கிறவர் தாம் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறாரா, அல்லது என் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்லிவிட்டு எழுந்து போகிறாரா என்பது முக்கியமாகிவிடுகிறது. ஆகவே, தங்கள் வலியையோ பிறர் வலியையோ விசுவாசத்தோடு கையில் எடுத்து வேலை செய்தவர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க என் தங்கையோடு புறப்பட்டு வந்திருக்கிறேன். அவள் செவிலியராகப் பணிபுரிபவள். மருத்துவமனைகளுக்குள் முன் அனுமதி பெற்று நுழைவதற்கும், அங்கே நான் கேட்கத் தெரியாததைக் கேட்பதற்கும் அவளே எனக்குத் துணை.

காட்பாடி சந்திப்பில் எங்களோடு இறங்கியவர்களில் பலருடைய கைகளில் எக்ஸ்-ரே உறைகள் இருந்தன. பாலாற்றுப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் வந்தால், சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழுக்கு இணையாக வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நீண்ட ரயில் பயணத்தில் வந்து, லாட்ஜ் அறைகளில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களால் இத்தெருக்கள் நிறைந்திருக்கின்றன.

இவ்வளவுக்கும் தொடக்கம் திண்டிவனத்தில் கழிந்த ஓர் இரவு. 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவ மிஷனரிகளின் குடும்பத்துப் பெண்ணாக இருந்தும், சிறுமியாகப் பஞ்சத்தின் பசியைக் கண்ணால் பார்த்தவர் என்பதாலோ என்னவோ, இந்த நாட்டில் ஊழியம் செய்ய விரும்பாதவராகவே வளர்ந்தார். நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்வதற்காக மட்டும் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றும்படி அவரை அழைத்தார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான அவருடைய தந்தையோ ஆண் என்பதால் அவரை வீட்டுக்குள் அழைக்க அவர்கள் உடன்படவில்லை. பொழுது விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா திரும்பிச் சென்று மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின.

இந்த வரலாற்றை நம் சபைகளில் சொல்லும் முறை ஒன்று எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கிறது. ஐடாவை அழைப்பதற்காகவே தேவன் அந்த இரவை நடத்தினார் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் அந்த மூன்று பெண்கள் யாருக்காகச் செத்தார்கள்? அவர்களுடைய பெயர்கள் நான் படித்த எதிலும் இல்லை. ஒருவரை ஊழியத்துக்கு எழுப்ப மூன்று தாய்மாரைக் கொல்லுகிற கடவுளை நான் சுவிசேஷங்களில் காணவில்லை. விதவையின் மகனைச் சுமந்து வந்த பாடையைத் தொட்டு நிறுத்தியவரையே காண்கிறேன். அந்தச் சாவுகள் பெண்களைப் படிக்கவிடாத, வேற்று ஆணுக்கு முன் வரவிடாத ஒரு ஏற்பாட்டின் விளைவு. அவற்றை வீணாகப் போகவிடாமல் ஒரு பெண்ணின் மனச்சாட்சியில் தேவன் பேசினார் என்று சொன்னால் அதை நான் நம்புவேன். இந்த இரண்டு பேச்சுகளுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, கரிகிரி

காட்பாடிக்கு அப்பால், குன்றுகளை ஒட்டி இருக்கிறது கரிகிரி. 1955-ல் இங்கே தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டபோது இது வறண்ட கரடு. பின்னாளில் இதை நடத்திய டாக்டர் எர்னஸ்ட் ஃப்ரிட்சி மண்ணைக் காத்து மரம் வளர்த்ததால் இன்று நிழலிலேயே நடந்து வார்டுக்குப் போக முடிகிறது.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1929-ல், அவருடைய தந்தை மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். சாவுச் செய்தி தந்தியில் வந்து சேர்ந்த பிறகு, தந்தை முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்ததாம். 1946-ல் அவர் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போன இடத்தில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்க, அந்தக் கை தன் கையை இறுக்கி நசுக்கியதைக் கண்டு அவர் திகைத்தார். செயலற்றுப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது. தொழுநோயால் சதை அழுகி விரல்கள் தாமாக உதிர்கின்றன என்றே அக்காலத்தில் மருத்துவர்களும் எண்ணியிருந்தார்கள். பிராண்டும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகள் ஒவ்வொரு காயமாக விசாரித்து வேறொன்றைக் கண்டறிந்தார்கள். நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குகிறது, உணர்ச்சி போய்விடுகிறது, பிறகு அந்த மனிதர், வலிக்காததால், தம்முடைய கையையும் காலையும் தாமே அன்றாட வேலைகளில் அழித்துக்கொள்கிறார். ஒருமுறை கிடங்கின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க பிராண்டால் முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகிவிட்டான். பிறகு பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்கு அது தெரியவே இல்லை. சில நோயாளிகளின் விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்துபோன காரணத்தையும் தேடினார்கள். தூங்கும்போது எலிகள் கடித்திருந்தன. வலி இல்லாததால் எவரும் விழிக்கவில்லை. அதன்பின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள்.

கால் புண்களுக்குச் சிகிச்சை பெறும் பகுதியில், வராந்தாவில் முதியவர் ஒருவர் தினசரிப் பராமரிப்பைச் செய்துகொண்டிருந்தார். கூட்டு மருந்துச் சிகிச்சையால் அவருடைய நோய் எப்போதோ குணமாகிவிட்டது. இழந்த உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதில் அவர் காலை வைப்பதற்கு முன், அவருடைய மனைவி குனிந்து தம் முழங்கையை நீரில் விட்டு, சூடு இல்லை என்று தலையசைத்தார். நேரம் பார்த்து ஊறவைத்த பிறகு, முதியவர் தடித்துப்போன பாதத்தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்தார்; ஈரம் காய்வதற்குள் எண்ணெய் பூசினார்; கடைசியாக ஒரு சிறு முகக்கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, உள்ளங்காலை அதன்மேல் தூக்கிப் பிடித்து, சிவந்த இடம் இருக்கிறதா என்று குதிகாலிலிருந்து விரல்வரை நிதானமாகப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு இருந்தது, அதை மாட்டுவதற்கு முன் உள்ளே கல்லோ முள்ளோ இல்லை என்பதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார். நமக்கு உடம்பு ஒரு கணத்தில் செய்துவிடுகிற வேலையை அவர் கண்ணாலும் மனைவியின் முழங்கையாலும் நாள்தோறும் செய்கிறார்.

என் விரல்களின் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, “ரொம்ப வலிக்குமாம்மா?” என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். “வலிக்குதுன்னா கை இன்னும் உங்களுதுதாம்மா” என்றார். ஆறுதலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. தமக்குத் தெரிந்த ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோலத்தான் சொன்னார்.

பிராண்டின் வாழ்வில் ஓர் இரவைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் லண்டனை அடைந்த இரவில், காலுறையைக் கழற்றியபோது ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணி இரவு முழுவதும் தூங்காமல் கிடந்தார். காலையில் மீண்டும் ஊசியைக் குத்தியபோது வலியில் கத்திவிட்டார். காய்ச்சலோடு ரயிலில் வெகுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்று முதல் வலிக்காக அவர் தேவனுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். பிற்காலத்தில் அமெரிக்காவில், உணர்ச்சியற்ற கைகளுக்குச் செயற்கையாக எச்சரிக்கை தரும் கருவிகளை உருவாக்க அவரும் பொறியாளர்களும் முயன்றார்கள். ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தந்து பார்த்தார்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று அதை நிறுத்திவிட்டு ஆபத்தான அதே வேலையைச் செய்தார்கள். முயற்சி கைவிடப்பட்டது. நம் விருப்பப்படி அணைத்து வைக்க முடிந்த வலி நம்மைக் காப்பாற்றாது என்ற அந்த முடிவை நான் இன்று பலமுறை யோசித்தேன்.

“ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும்கூடப் பாடுபடும்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை, நரம்பும் தசைநாரும் அறிந்த இந்த அறுவை மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் போதித்தார். சிலுவையில் ஆணி அறையப்பட்ட கையின் நரம்பு அறுபட்டு அந்த விரல்களும் மடங்கிப்போயிருக்கும் என்று அவர் தொழுநோயாளிகளிடம் சொன்னபோது, கைகளை மறைத்தே வைத்திருந்தவர்கள் அவற்றை வெளியே எடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். உயிர்த்தெழுந்த பிறகும் இயேசு அந்தக் காயங்களைத் தோமாவுக்குக் காட்டினார். மகிமையான சரீரத்திலும் அவை மறைந்துபோகவில்லை என்பது, உடம்பில் வடு உள்ள எவருக்கும் சாதாரணச் செய்தியன்று.

இருந்தாலும் ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். பிராண்ட் கண்ட உண்மை, காவல் காக்கும் வலியைப் பற்றியது. என் நோயில் உடம்பு தன் மூட்டுகளைத் தானே பகைவர் என்று எண்ணித் தாக்குகிறது. அந்த வலி எதையும் காக்கவில்லை. இரவு விடுதியில் மாத்திரையை விழுங்கும்போது தங்கையிடம் இதைச் சொன்னேன். “அதுக்கு பதில் கரிகிரியில இல்லக்கா, நாளைக்கு பாகாயத்துல பார்க்கலாம்” என்றாள்.

புதன்கிழமை, பாகாயம்

காட்பாடியிலிருந்து ஊரின் குறுக்கே ஓடும் டவுன் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் பாகாயம். மருத்துவக் கல்லூரியும் மறுவாழ்வு நிலையமும் மலையடிவாரத்தில் இருக்கின்றன. கேரளத்தில் 1925-ல் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்களோடு வெளியே சென்றபோது, அவர்கள் வண்டி விபத்துக்குள்ளானது. தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் நின்றுபோயின. முகத்திலும் ஆழமான காயம். அந்நாளில் நம் நாட்டில் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். மேரி வர்கீஸ் மீண்டும் உட்காரக் கற்றுக்கொண்டபோது, கை அறுவை சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துதான் செய்கிறார் என்பதை அவருக்கு நினைவூட்டியவர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநார் மாற்றிப் பொருத்தும் அறுவைகளை அவர் செய்யத் தொடங்கினார். நடக்க முடியாத மருத்துவர், பிடிக்க முடியாத கைகளை விரித்துக் கொடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-ல் இந்த நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, 1986-ல் காலமானார்.

இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் காலிப்பர் என்னும் தாங்கி கட்டிய இளைஞர் ஒருவர் நடை பழகுவதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தோம். மரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக் விபத்தில் அடிபட்டவர்கள், கிணற்றில் தவறியவர்கள் என்று இங்கே வருகிறவர்களின் கதைகள் நம் ஊர்களின் கதைகளே. அந்த இளைஞரின் தாய் சுவரோரம் உட்கார்ந்து, மகன் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தம் காலை ஓர் அங்குலம் நகர்த்திக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை.

இங்கே எவரும் விபத்தை நல்லது என்று சொல்வதில்லை. மேரி வர்கீஸின் முதுகெலும்பு முறிந்ததால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, எதுவும் காக்கப்படவில்லை. அது வெறும் இழப்பு. பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு காரணத்தைத் தேடும் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்படும்பொருட்டு என்றார். சொன்னதோடு நிற்காமல் தரையில் உமிழ்ந்து சேறுண்டாக்கி வேலையில் இறங்கினார். பின்னோக்கிக் காரணம் கேட்பவர்களை அவர் முன்னோக்கித் திருப்பினார் என்று இந்தப் பகுதியை நான் இப்போது வாசிக்கிறேன். பாகாயத்தில் நோக்கம் என்பது விபத்துக்குள் ஒளிந்திருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று. அந்த விபத்துக்குப் பிந்திய ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கட்டி எழுப்பப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

வியாழக்கிழமை, நெல்லை எக்ஸ்பிரஸ்

சென்னைக்கு வந்து எழும்பூரில் இரவு ரயிலைப் பிடித்தோம். கீழ்ப் படுக்கை கிடைத்தது. இன்று எழுதுவதற்கு அதிகமில்லை. சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனேயில் இயேசு பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டதை வாசித்தேன். வலியை விரும்பாதிருப்பது அவிசுவாசம் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. சுகம் வேண்டி ஜெபிப்பதும், மாத்திரை சாப்பிடுவதும், வலி நிவாரண மருத்துவரைத் தேடிப் போவதும் சிலுவையைக் கீழே போடுவதாகாது. அப்படிப் பேசி நோயாளிகளைக் குற்ற உணர்வில் தள்ளுகிற போதனையை எதிர்த்து நம் சபைகளில் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமை, டோனாவூர்

நாங்குநேரியைத் தாண்டியதும் காற்றாலைகளும், அவற்றுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் கூடவே வருகின்றன. ஏர்வாடி, களக்காடு பக்கம் வாழைத் தோட்டங்கள். இந்தச் சிற்றூர் பிரஷ்யப் பிரபு டோனாவின் நன்கொடையால் அவர் பெயரைப் பெற்றது.

அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் இங்கே, கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் வீடு அமைத்தார். புடவை உடுத்தி, ஓயாமல் அலைந்து வேலை செய்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 1951 ஜனவரியில் இறக்கும்வரை, பெரும்பாலும் அந்த அறையிலும் படுக்கையிலுமே அவர் வாழ்ந்தார். மேரி வர்கீஸைப்போல அவருக்குப் புதிய துறை ஒன்றும் திறக்கவில்லை. தொடங்கிய வேலையைப் பிறர் நடத்த, படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நோயாளிகளுக்கு ஆறுதல் என்று அச்சிட்டு வந்த பல எழுத்துகளை அவருக்கு அனுப்பினார்கள். அவை தமக்கு உதவவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: அவை நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை. ஆகவே நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களைத் தாமே எழுதினார். 1933-ல் அவை நூலாக வெளிவந்தன. இந்தச் செய்தியை இங்கு வந்து, அவர் படுத்திருந்த அறைக்கு அருகில் நின்று நினைக்கையில், ஐந்து நாளும் நான் சுமந்து திரியும் வசனம் பிடிபட்டது. சகல உபத்திரவங்களிலேயும் தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்கிறார், நாங்களும் உபத்திரவத்தில் அகப்படுகிறவர்களுக்கு ஆறுதல் செய்யத் திராணியுள்ளவர்களாகும்படி என்று பவுல் எழுதுகிறார். ஆறுதல் முதலில் என்னிடம் வருகிறது. என்னோடு நின்றுவிடாமல் இன்னொருவரிடம் போகிறது. அப்படிப் போகும் வழியில்தான் வலிக்கு ஒரு நோக்கம் உண்டாகிறது. அந்த நோக்கத்தைப் பாடுபடுகிறவர்தாம் தேவனோடு போராடிக் கண்டடைய வேண்டும். கட்டிலருகே நிற்பவர் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல உரிமையற்றவர். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெட்டார்கள்.

ஏமியின் கல்லறைக்கும் போனோம். தன்மேல் நினைவுக்கல் நாட்ட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியை மரத்தடியில் வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தங்கையும் நானும் எங்கள் சபையைப் பற்றிப் பேசினோம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நோயாளிகளைச் சந்திக்கப் போகும் குழுவில் நடமாட முடிந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அது இயல்பாக அமைந்துவிட்ட ஏற்பாடு. வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு சகோதரியையும், பக்கவாதத்திலிருந்து மீண்டு பேச்சுத் தடுமாறும் ஓர் அம்மாவையும் அதில் சேர்க்கும்படி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் கேட்கப் போகிறேன். மாடிப்படி உள்ள வீடுகளுக்கு அவர்களால் போக முடியாது, தொலைபேசியில் பேசலாம். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் போக வேண்டிய வீடு எது என்று எனக்குத் தெரியும்: எங்கள் தெருவில், மகனைப் பறிகொடுத்த பின் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஓர் அக்காவின் வீடு. ரோமர் எட்டாம் அதிகாரத்தை நான் எடுத்துப் போகப் போவதில்லை.